அடியில் ஒரு வரி

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து சாலை பஜாருக்குள் நுழைந்து, மளிகை மண்டிகளையும் பாத்திரக் கடைகளையும் தாண்டினால் இடது பக்கம் ஒரு சந்து. அதற்குள் அந்த அச்சகம். முன்கட்டில் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள், நடுவில் ஓர் ஆஃப்செட் மெஷின், பின்னால் விற்க மனம் வராமல் துணி போட்டு மூடி வைத்திருக்கும் ஒரு டிரெடில். உரிமையாளருக்கு வயது 71. அப்பா காலத்தில் நாகர்கோவிலிலிருந்து வந்த குடும்பம். 1956 நவம்பர் 1ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அப்பா ஊருக்குத் திரும்பவில்லை. கடை இங்கே இருந்தது. சாலையில் தமிழ் வியாபாரிகளை அழைக்கும் பெயர்தான் இவருக்கும்: அண்ணாச்சி.

அச்சான தாள் கைக்கு வந்ததும் அண்ணாச்சி முதலில் பார்ப்பது தலைப்பை அல்ல, அடியை. அங்கே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். யார் அச்சிட்டது, யார் வெளியிட்டது, இருவர் விலாசம். அது இல்லாத தேர்தல் நோட்டீஸ் 40 வருடத்தில் ஒன்றுகூடத் தன் கடையை விட்டுப் போனதில்லை என்கிறார். பெருமைக்காகச் சொல்வதில்லை. பயம்தான். 1951ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 127ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இல்லாமல் தேர்தல் துண்டுப் பிரசுரமோ போஸ்டரோ அச்சிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இந்தப் பிரிவை வக்கீல்களே அவ்வளவாகப் படிப்பதில்லை. அண்ணாச்சிக்கு மனப்பாடம். நோட்டீஸ் கொடுக்க வருபவர் தான் யார் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவரை நேரில் அறிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பிரதி. ஒன்று அச்சகத்தில் இருக்கும். மற்றொன்றை அச்சிட்ட தாளோடு சேர்த்து அனுப்ப வேண்டும். மாநிலத் தலைநகரில் அச்சிட்டால் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு, மற்ற ஊர் என்றால் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு. திருவனந்தபுரம் தலைநகர் என்பதால் அண்ணாச்சியின் கவர்கள் நேரே தலைமைத் தேர்தல் அதிகாரி அலுவலகத்துக்குப் போகும். சட்டத்தில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. கையால் பார்த்து எழுதுவது தவிர, பிரதி எடுக்கும் எந்த முறையும் 'அச்சிடுதல்'தான். ஜெராக்ஸ் பரவாத காலத்திலேயே யாரோ ஒருவர் இப்படி யோசித்து எழுதியிருக்கிறார்.

கவனிக்க வேண்டியது, நோட்டீசில் இருப்பது உண்மையா பொய்யா என்று இந்தப் பிரிவு கேட்பதே இல்லை. யார் சொன்னது என்று மட்டும் கேட்கிறது. இடது, வலது, தாமரை என்று மூன்று பக்கத்துக்கும் அச்சகத்தில் பற்றுக் கணக்கு உண்டு. ஒரே மெஷினில் காலையில் ஒருவர் மற்றவரைத் திட்டிய நோட்டீஸ், மாலையில் அதற்கு மற்றவர் பதில். அடியில் பெயர் இருக்கும்வரை அண்ணாச்சிக்கு அது வியாபாரம்.

மாஷ் அறிமுகமானதும் அந்தக் கையெழுத்து வழியாகத்தான். 1993ல் ஒரு வாசகசாலை ஆண்டு விழா நோட்டீசோடு வந்தார். அரசுப் பள்ளியில் மலையாள ஆசிரியர். கட்சிக்காரர், எந்தக் கட்சி என்பது இந்தக் கதைக்கு அவசியமில்லை. பிரூஃப் பார்க்க உட்கார்ந்தால் ஒற்று விடாமல் திருத்துவார். அதற்குள் இரண்டு தேநீர் வந்து போகும். பணி ஓய்வுக்குப் பிறகு தேநீர் மட்டும் தினசரி ஆனது. தேர்தல் என்றால் அவர் வாக்குச்சாவடியில் கட்சியின் பூத் ஏஜென்ட். வாக்காளர் பட்டியலில் யார் செத்தவர், யார் வளைகுடாவில் இருப்பவர் என்று பென்சிலால் குறித்து வைத்திருப்பார்.

2024 மக்களவைத் தேர்தலில் திருவனந்தபுரம் நாடு முழுக்கக் கவனித்த தொகுதிகளில் ஒன்று. காங்கிரசுக்கு சசி தரூர், இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு பன்யன் ரவீந்திரன், பாரதிய ஜனதாவுக்கு அப்போது மத்திய தகவல் தொழில்நுட்ப இணையமைச்சராக இருந்த ராஜீவ் சந்திரசேகர். டீப்ஃபேக் விவகாரத்தில் அன்றைக்கு அதிகம் பேசிய அமைச்சர் அவர்தான். 2023 நவம்பரில் நடிகை ரஷ்மிகா மந்தனாவின் முகத்தை ஒட்டிய வீடியோ பரபரப்பானபோது சமூக ஊடக நிறுவனங்களை எச்சரித்தவர். 2024 மார்ச் 1ம் தேதி அவரது அமைச்சகம் செயற்கை நுண்ணறிவுக்கு ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. மறுநாள் அவர் பெயர் திருவனந்தபுரம் வேட்பாளராக அறிவிக்கப்பட்டது. அறிவுறுத்தலுக்கு எதிர்ப்புக் கிளம்பி, 15ம் தேதி அதைத் திரும்பப் பெற்று வேறொன்று கொடுத்தார்கள். ஆக, டீப்ஃபேக்குக்கு விதி எழுதிய துறையின் அமைச்சரே ஓட்டுக் கேட்டு நடந்த ஊரில்தான் இனி வருவது நடந்தது.

ஏப்ரல் 24, புதன்கிழமை. மாலை ஆறு மணிக்குப் பிரசாரம் முடிகிறது. கேரளத்தில் அந்தக் கடைசி மணி நேரத்துக்கு கொட்டிக்கலாசம் என்று பெயர். பேரூர்க்கடை சந்திப்பில் மூன்று அணிகளும் செண்டையும் டி.ஜே.யும் கொடிகளுமாக முட்டி நிற்க, போலீஸ் நடுவே கயிறு பிடித்துக்கொண்டு நின்றது. ஆறு அடித்ததும் ஓசை நின்றது. பிறகு வாக்குப்பதிவு முடியும்வரை 48 மணி நேரம் ஒலிபெருக்கி கிடையாது, கூட்டம் கிடையாது. 126ம் பிரிவு. மௌனப் பிரசாரம் என்கிறார்கள் மலையாளிகள்.

இரவு பத்து மணிக்கு மேல் அண்ணாச்சியின் செல்போனில் ஒரு குரல் பதிவு வந்தது. 38 விநாடி. மாஷின் குரல். இத்தனை வருடம் கட்சிக்கு உழைத்தேன், இந்த முறை மனம் ஒப்பவில்லை, நம்மாட்கள் நம் வேட்பாளருக்கு ஓட்டுப் போட வேண்டாம், யாருக்குப் போட வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அவ்வளவுதான். கடைசியில் ஒரு பெருமூச்சு.

அண்ணாச்சி அதை இரண்டு தடவை கேட்டார். வருத்தமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. மாஷ் இப்படித் துணிந்து பேசுவார் என்று எதிர்பார்க்கவில்லை. தெருக்காரர்கள் குழு ஒன்றுக்கும், சாலை வியாபாரிகள் குழு ஒன்றுக்கும் அனுப்பிவிட்டுத் தூங்கப் போனார். 40 வருடமாக அடியைப் பார்க்காமல் ஒரு தாளையும் வெளியே விடாத மனிதர்.

காலை ஏழு மணிக்கு மாஷ் கடை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"அண்ணாச்சி, அது ஞானல்ல."

"குரல் உங்க குரல்தானே மாஷே?"

"குரல் என்றெதான். பறஞ்ஞது ஞானல்ல."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. போன பிறகுதான் அண்ணாச்சிக்குச் செய்தி தெரிந்தது. இரவோடு இரவாகக் கட்சியில் கூடிப் பேசி, நாளை மறுநாள் பூத்துக்கு வேறு ஆள் என்று முடிவு செய்துவிட்டார்கள். மாஷ் சொன்னதை இரண்டு மூன்று பேர் நம்பவும் செய்தார்கள். ஆனால் தேர்தலுக்கு முந்தின நாள் யாருக்கு விசாரிக்க நேரம்?

மகள் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க்கில் வேலை பார்ப்பவள். செய்தி கேட்டதும் லீவு போட்டு வந்தாள். அவளுடைய சிநேகிதி வஞ்சியூர் நீதிமன்றத்தில் வக்கீல். மாஷ், அண்ணாச்சி, இந்தப் பெண்கள் இருவர் என்று நான்கு பேரும் அன்று மதியம் வரை பட்ட பாடு, சட்டம் இந்த விஷயத்தில் எங்கே நிற்கிறது என்பதற்கு நல்ல பாடம்.

முதலில் தேர்தல் கமிஷனின் சி-விஜில் செயலி. புகார் கொடுத்தால் 100 நிமிடத்தில் நடவடிக்கை என்று பெயர் பெற்றது. ஆனால் அது கண்முன் நடப்பதை அங்கேயே படம் பிடித்து அனுப்புவதற்கான ஏற்பாடு. செல்போனில் ஏற்கெனவே வந்து கிடக்கும் ஒன்றை எடுத்து அதில் ஏற்ற வழியில்லை. பொய்ப் புகாரைத் தடுக்கச் செய்த பாதுகாப்பு இங்கே குறுக்கே நின்றது.

பிறகு சட்டப் பிரிவுகள். வேட்பாளரின் சொந்த நடத்தை பற்றிப் பொய் பரப்புவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(4)ன்படி முறைகேடு. ஆனால் மாஷ் வேட்பாளர் அல்ல. தவிர, அது தேர்தல் முடிந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தேர்தலையே செல்லாததாக்கும் வழி. அன்று நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 171ஜி, தேர்தல் தொடர்பான பொய்க்கூற்று. அதுவும் வேட்பாளரைப் பற்றியதாக இருக்க வேண்டும், தண்டனையும் அபராதம் மட்டுமே. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 175ம் பிரிவாக அப்படியே இருக்கிறது. கௌரவத்தைக் கெடுக்கும் நோக்கில் போலி ஆவணம் தயாரிப்பது, மின்னணுப் பதிவு உட்பட, மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66டி, கணினி மூலம் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது. மூன்றாண்டு, ஒரு லட்சம் ரூபாய் அபராதம். வக்கீல் பெண் இந்தக் கடைசி இரண்டையும் வைத்துப் புகார் எழுதினாள். போலீசில் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். ரசீதும் கொடுத்தார்கள். ஒரு கேள்விதான் கேட்டார்கள்.

"இதை முதலில் அனுப்பியது யார்?"

அண்ணாச்சிக்கு ஒரு குழுவிலிருந்து வந்தது. அந்தக் குழுவுக்கு இன்னொரு குழுவிலிருந்து. அதற்கு மேல் ஏணி இல்லை. இதில் ஒரு விசித்திரப் பொருத்தம். அதே ஏப்ரல் 25ம் தேதி டெல்லி உயர் நீதிமன்றத்தில் வாட்ஸ்அப் நிறுவனத்தின் வக்கீல் இதே கேள்வியைப் பற்றித்தான் வாதாடிக்கொண்டிருந்தார். ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்கிறது 2021ம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதி. பூட்டை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போக வேண்டியிருக்கும் என்று நிறுவனம் சொன்னது. அந்த விதியும் நாட்டின் பாதுகாப்பு, பொது அமைதி, பாலியல் கொடுமை போன்ற பெரிய குற்றங்களுக்குத்தான். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரின் மானம் அந்தப் பட்டியலில் இல்லை. நியாயமாகப் பார்த்தால் இருக்கவும் முடியாது. மாஷ் துபாயில் இருக்கும் மகனோடு பேசுவதைக் காப்பதும் அதே பூட்டுதானே.

ஏப்ரல் 26 வெள்ளிக்கிழமை வாக்குப்பதிவு. 30 வருடத்தில் முதல் தடவையாக மாஷ் ஓட்டுப் போட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போனார். பிறகு ஜூன் 4ம் தேதி முடிவு வந்தது. சசி தரூர் 16,077 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். 38 விநாடிப் பேச்சு அதில் ஒரு ஓட்டையாவது நகர்த்தியதா என்று யாரும் சொல்ல முடியாது. மாஷுக்கு அது கவலையும் இல்லை.

கேரளம் ஓட்டுப் போட்டுப் பத்து நாள் கழித்து, மே 6ம் தேதி, தேர்தல் கமிஷன் கட்சிகளுக்கு ஓர் உத்தரவு அனுப்பியது. டீப்ஃபேக் போன்ற போலிப் பதிவுகள் கட்சியின் கவனத்துக்கு வந்தால் மூன்று மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும். அதுவும் டெல்லி உயர் நீதிமன்றம், ஒரு பொதுநல மனுவில், முடிவெடுங்கள் என்று சொன்ன பிறகு. ஏழு கட்டத் தேர்தலில் அப்போது இரண்டு கட்டம் முடிந்திருந்தது.

இவ்வளவுக்கும், அந்தக் குரலைச் செய்தது கணினியா என்பதே உறுதியில்லை. கேரளம் மிமிக்ரியின் நாடு. 1981ல் கொச்சி கலாபவன் மிமிக்ஸ் பரேடு தொடங்கியதிலிருந்து கருணாகரனும் நாயனாரும் அச்சுதானந்தனும் அவர்கள் பேசாத மேடை கிடையாது. மாஷின் குரலை எடுத்துப் பேச ஒரு நல்ல கலைஞன் போதும். ஆனால் மிமிக்ரிக்காரன் மேடையில் நிற்கிறான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிரிக்கிறோம். இங்கே முகம் இல்லை.

கணினியாகவும் இருக்கலாம் என்பதை மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குக் காட்டினாள். பேரன் பிறந்தநாளுக்கு அவர் வாழ்த்திய வீடியோ, அரை நிமிடம். அதிலிருந்து குரலை எடுத்தாள். மடிக்கணினியில் ஒரு வாக்கியம் தட்டச்சு செய்தாள். அண்ணாச்சியின் குரல் அச்சகத்தை விற்கப்போவதாகச் சொன்னது. மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "எப்பம் முடிவு பண்ணினிய?" என்று கேட்டாள். அண்ணாச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்றாம் தடவை கேட்டபோது பிடிபட்டது. குரல் அவருடையது, இழுவை இல்லை. நாகர்கோவில் பேச்சில் சொல்லின் வாலில் வரும் அந்த இழுவையை மெஷின் இஸ்திரி போட்டிருந்தது.

அன்றிரவு மாஷின் பதிவை மறுபடி கேட்டார். மாஷ் எதைச் சொன்னாலும் முடிவில் 'கேட்டோ' என்பார். மழை வரும் கேட்டோ, தேநீருக்குச் சர்க்கரை வேண்டாம் கேட்டோ. 31 வருடப் பழக்கம். 38 விநாடியில் ஒரு கேட்டோ கூட இல்லை. அனுப்புவதற்கு முன் இரண்டு தடவை கேட்டும் தன் காதில் அது விழவில்லையே என்பதுதான் அண்ணாச்சியை அரித்தது.

தமிழ்நாட்டில் இதன் இன்னொரு முகம் வேறு விதமாக அரங்கேறியது. 2018ல் மறைந்த கருணாநிதி 2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் நூல் வெளியீட்டு விழாவில் திரையில் தோன்றிப் பேசினார். பிப்ரவரியில் ஜெயலலிதாவின் பிறந்தநாளுக்கு அவர் குரலில் அ.தி.மு.க. ஒரு பேச்சு வெளியிட்டது. இரண்டிலும் யாரும் ஏமாறவில்லை. செய்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2023 மாவீரர் நாளில் பிரபாகரனின் மகள் துவாரகா என்று ஒரு பெண் திரையில் பேசியபோது புலம்பெயர்ந்த தமிழர் வீடுகள் இரண்டுபட்டன. அது வேடமா, கணினி வேலையா என்ற சண்டையில், இறந்ததாகச் சொல்லப்படும் ஒரு பெண்ணுக்காக மறுபடி அழுதவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அதே 2023 ஏப்ரலில், தமிழக நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் பேசியதாக இரண்டு ஒலித்துண்டுகள் வெளிவந்தன. செயற்கை நுண்ணறிவு கொண்டு புனைந்தவை என்றார் அமைச்சர். ஒரு வெளிநாட்டு இணைய இதழ் அவற்றை நிபுணர்களிடம் கொடுத்தது. முதல் துண்டு பற்றி அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டாவது அசல் பதிவு என்பது அவர்கள் முடிவு. அமைச்சர் மறுப்பில் நின்றார். எது எப்படியோ, இனி அசலாகச் சொன்னவனும் 'அது நானல்ல' என்று சொல்லலாம். மாஷுக்கு ஏற்பட்ட உண்மையான கஷ்டம் இதுதான். அவர் சொன்னது எல்லா அரசியல்வாதிகளும் சொல்லக்கூடிய வசனமாக இருந்தது.

வெளிநாடுகளிலும் சட்டம் தடுமாறித்தான் நடக்கிறது. ஸ்லோவாக்கியாவில் 2023 செப்டம்பர் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, மௌன நேரத்தில்தான், எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் ஓட்டு மோசடி பற்றிப் பேசுவதாகப் போலி ஒலிப்பதிவு வந்தது. மாஷுக்கு நேர்ந்ததன் பெரிய வடிவம். அமெரிக்காவில் 2024 ஜனவரியில் பைடன் குரலில் தொலைபேசி அழைப்பு அனுப்பி, ஓட்டுப் போட வராதீர்கள் என்று சொல்ல வைத்த ஆலோசகருக்கு 60 லட்சம் டாலர் அபராதம். ஆனால் கிரிமினல் வழக்கில் 2025ல் ஜூரி அவரை விடுவித்தது. கலிபோர்னியா போட்ட இரண்டு தேர்தல் டீப்ஃபேக் சட்டங்களை 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் தள்ளிவிட்டது. தென்கொரியா தயங்கவில்லை. தேர்தலுக்கு 90 நாள் முன்பிருந்து பிரசாரத்தில் டீப்ஃபேக்கே கூடாது, மீறினால் ஏழாண்டு வரை சிறை.

கேரளத்துக்குக் கடுமையான சட்டத்தின் ருசி தெரியும். 2020 நவம்பரில் மாநில அரசு கேரள போலீஸ் சட்டத்தில் 118ஏ என்ற பிரிவை அவசரச் சட்டமாகச் சேர்த்தது. எந்த ஊடகத்தின் மூலமும் ஒருவரை இழிவுபடுத்தினால் மூன்றாண்டு வரை சிறை. இணையத்தில் பெண்களுக்கு நேரும் கொடுமையைத் தடுக்க என்றார்கள். காரணம் பொய்யல்ல. ஆனால் எழுதிய வார்த்தைகளுக்குள் பத்திரிகைக் கார்ட்டூன்கூட மாட்டும். எதிர்க்கட்சி மட்டுமல்ல, ஆளும் இடதுசாரி அணிக்குள்ளேயே எதிர்ப்பு வெடித்தது. சில நாட்களிலேயே அரசு பின்வாங்கியது. அதற்கு முன்பு 2015 மார்ச் 24ல் உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்தபோது, கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி)யையும் சேர்த்தே ரத்து செய்தது. ஆகக் கேரளம் இந்த வாசலில் இரண்டு முறை இடித்துக்கொண்ட மாநிலம். 2025 டிசம்பர் கடைசியில் கோழிக்கோட்டில், முதல்வர் பினராயி விஜயன் சபரிமலைத் தங்க வழக்கில் கைதான ஒருவரோடு இருப்பதாக ஒரு படத்தைப் பகிர்ந்த காங்கிரஸ் தலைவர்மீது போலீஸ் வழக்குப் போட்டது. கணினி செய்த படம் என்றது ஒரு தரப்பு. அசல் வீடியோவிலிருந்து எடுத்தது என்றார் பகிர்ந்தவர். எது அசல் என்று முதல் முடிவு எடுப்பவர் காவல் நிலையத்தில் இருக்கிறார் என்பது எந்தக் கட்சிக்காரருக்கும் நிம்மதி தரும் செய்தி அல்ல.

மகள் ஒவ்வொரு புதிய விதியையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டுவாள். 2025 அக்டோபர் 24ல் தேர்தல் கமிஷன் வெளியிட்டதைப் படித்தபோதுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கணினி செய்த பிரசாரப் படத்தில் பத்தில் ஒரு பங்கு இடத்துக்காவது அறிவிப்பு இருக்க வேண்டும். ஒலி என்றால் தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்கு நேரம். ஒருவர் சம்மதமில்லாமல் அவர் முகத்தையோ குரலையோ திரித்து வாக்காளரை ஏமாற்றக் கூடாது. அதைத் தயாரித்தது யார் என்ற பெயர் அதிலேயே இருக்க வேண்டும். யார் செய்தது, எப்போது செய்தது என்று கட்சி பதிவேடு வைத்திருக்க வேண்டும்.

"இது 127ஏல்லா!" என்றார் அண்ணாச்சி.

ஆமாம், கிட்டத்தட்ட அதுதான். 2026 பிப்ரவரி 20 முதல் நடப்புக்கு வந்த தகவல் தொழில்நுட்ப விதித் திருத்தமும் அந்தப் பாதையில்தான் போகிறது. செயற்கையாகச் செய்ததற்கு முத்திரை, இயன்றவரை அழிக்க முடியாத அடையாளம், அரசோ நீதிமன்றமோ சொன்னால் 36 மணிக்குப் பதில் மூன்று மணி நேரத்தில் நீக்கம். இதில் கடைசி அம்சம் சந்தேகத்துக்குரியது. மூன்று மணி நேரத்தில் ஒரு நிறுவனம் யோசிக்காது, நீக்கிவிடும். கேலிச் சித்திரமும் சேர்ந்து போகும். முதலிரண்டும் அப்படியல்ல. அவை அச்சகத்தின் பெயர் வரி போல. பொய்யைத் தடுப்பதில்லை, பொய் சொன்னவனை அநாமதேயமாக விடுவதில்லை.

ஓட்டை இருக்கிறது. கமிஷனின் விதி கட்சிகளுக்கும் வேட்பாளர்களுக்கும்தான். மாஷின் குரலைத் திருடியவர் எந்தக் கட்சியின் பதிவேட்டிலும் வரமாட்டார். குழு குழுவாகத் தாவும்போது கோப்புக்குள் இருக்கும் அடையாளம் உதிர்ந்தும் போகலாம். அண்ணாச்சிக்கு இதைச் சொன்னால் ஆச்சரியப்படுவதில்லை. சிவகாசிப் பக்கத்திலிருந்து அடிவரி இல்லாத போஸ்டர் ஒரு காலத்தில் இரவு லாரியில் வந்து இறங்கியதை அவர் பார்த்திருக்கிறார். "பேரு இல்லாத நோட்டீஸ் வந்தா, ஊர்ல பத்துப் பேராவது 'அடியில பேரு இல்லையே'ன்னு கேப்பான். இப்பம் யாரு கேக்கா? நானே கேக்கலியே" என்கிறார்.

மாஷ் ஒன்றரை வருடம் கடைக்கு வரவில்லை. அண்ணாச்சி இரண்டு குழுக்களிலும் மறுநாளே தவறை எழுதிப் போட்டார். முதல் செய்தியைப் பார்த்தவர்களில் பாதிப் பேர்கூட அதைப் பார்க்கவில்லை. வீட்டுக்கும் ஒரு தடவை போனார். மாஷ் நாற்காலி போட்டு உட்கார வைத்தார், தேநீர் கொடுத்தார், மழையைப் பற்றிப் பேசினார். போலீஸ் புகாரில் முன்னேற்றம் ஏதும் இல்லை.

2025 நவம்பர் கடைசியில், டிசம்பர் 9ம் தேதி மாநகராட்சித் தேர்தலுக்கு நோட்டீஸ்கள் ஓடிக்கொண்டிருந்த ஒரு மாலை, மாஷ் உள்ளே வந்தார். கையில் ஒரு வெள்ளைத் தாள். கட்சி வார்டு வேட்பாளருக்காக அவர் பெயரில் ஒரு வேண்டுகோள் வெளியிடச் சொல்லியிருந்தது. அது ஒருவகை மன்னிப்பு என்பது இருவருக்கும் தெரியும், பேசவில்லை. உள்ளாட்சித் தேர்தலுக்கும் அடிவரி விதி உண்டு. அண்ணாச்சி மேஜை இழுப்பறையிலிருந்து உறுதிமொழிப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். மாஷ் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்திட்டார். அவரை நேரில் அறிந்தவர்கள் இரண்டு பேர் சாட்சி போட வேண்டும். பக்கத்து பாத்திரக் கடைக்காரர் வந்து ஒன்று போட்டார். இரண்டாவது இடம் காலியாக இருந்தது. அண்ணாச்சி பேனாவை எடுத்தார்.

"அச்சடிக்கிறவரே சாட்சி போடலாமோ?" என்று மாஷ் கேட்டார்.

"கூடாதுன்னு எங்கயும் எழுதல்ல."

மாஷ் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து ஒரு தடவை படித்தார். திருப்பி வைத்தார்.

"மொதல்ல புரூஃப் தரணும், கேட்டோ."